வேட்டையும் வீரமும்

பயணத்தைக் குறிக்க 'ஸபர்' என்னும் சொல்லை நம் இல்லங்களில் இன்றும் வழங்குகிறோம். ஹஜ்ஜுக்குப் புறப்படுபவரைப் பற்றியும், கடல் கடந்து பொருள் தேடச் செல்பவரைப் பற்றியும் பேசும்போது நம் பெரியவர்களின் நாவில் இயல்பாக வரும் சொல் அது. அரபு வணிகர்களின் மரக்கலங்களோடு அச்சொல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் சென்றது. அங்கே ஸ்வாஹிலி மொழியில் 'ஸஃபாரி' ஆயிற்று. சுமை தூக்குவோர் வரிசையாக நடக்க, கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் நெடும்பயணத்திற்கு அது பெயராக இருந்தது. பின்னர் ஐரோப்பியர் அச்சொல்லைக் கைக்கொண்டபோது அதன் பொருள் சுருங்கிற்று. யானையையும் சிங்கத்தையும் சுடுவதற்காக மேற்கொள்ளும் பயணமே ஸஃபாரி என உலகம் விளங்கிக்கொண்டது. இன்று நிழற்படக் கருவியோடு செல்வோரே மிகுதி எனினும், துப்பாக்கியோடு செல்வோர் மறைந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஸிம்பாப்வே, தான்ஸானியா முதலிய நாடுகளில் அது சட்டம் அனுமதித்த தொழிலாகவே நடைபெறுகிறது.

நம்மில் எவரும் அங்குச் சென்று யானையைச் சுடப்போவதில்லை. அப்படியிருக்க, அதைப் பற்றி நாம் ஏன் சிந்திக்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. அந்த வேட்டைக்காரர் தம் செயலுக்குக் கூறும் நியாயம், வேறு வேறு வடிவங்களில் நாமும் அன்றாடம் கூறிக்கொள்ளும் நியாயமே. 'ஆபத்தை நான் துணிந்து ஏற்றேன். ஆதலால் என் செயல் நேர்மையானது' என்பதே அது. துணிவு ஒரு செயலை நேர்மையாக்குமா? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

முதலில் அவர் பக்கத்தைச் செவிமடுப்போம். வேட்டையாளர் வழக்கில் 'பெரிய ஐந்து' என்று ஒரு தொகுப்பு உண்டு. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்பன அவை. உருவத்தை வைத்து வந்த பெயர் அன்று அது. நீர்யானை சிறுத்தையைவிடப் பன்மடங்கு பெரியது; ஆயினும் அது இத்தொகுப்பில் இல்லை. நடந்து சென்று வேட்டையாடுவதற்கு மிகவும் ஆபத்தானவை எவையோ அவையே இந்த ஐந்து. காயம்பட்ட ஆப்பிரிக்கக் காட்டெருமை ஓடி ஒளிவதோடு நிற்பதில்லை. தான் வந்த தடத்திற்கே சுற்றி வந்து, புதரில் அசைவற்று நின்று, தன்னைத் தேடி வருபவன் மீது பாயும். யானையின் மூளையோ தேன்கூடு போன்ற பெரும் எலும்புத் திரளுக்குள் ஒளிந்திருக்கிறது. குறி ஒரு சாண் பிசகினாலும் யானை விழாது. பாய்ந்து வரும் சிங்கம் நூறு கஜத் தொலைவைச் சில விநாடிகளில் கடந்துவிடும்.

'மானைத் தொலைவிலிருந்து சுடுபவன் எதையும் இழக்க ஆயத்தமில்லாதவன். நானோ உயிருக்கு உயிரைப் பணயம் வைக்கிறேன். அந்த விலங்குக்கும் என்னைக் கொல்ல வாய்ப்புண்டு. இது கொலையன்று, போர்' என்கிறார் வேட்டைக்காரர். இதை வெற்றுப் பேச்சென்று தள்ளிவிட இயலாது. இத்தகைய வேட்டையில் உயிரிழந்தோர் உண்மையாகவே உண்டு.

ஆயினும், அந்தப் பணயத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம்.

ஒரு காட்டெருமை வேட்டை எப்படி நடக்கிறது? முன்னால் செல்பவர் தடம் பார்ப்பவர். அந்த மண்ணில் பிறந்தவர். சிறு துணிப்பையில் சாம்பலை வைத்துக்கொண்டு, அதைத் தட்டி, காற்று எப்பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார். மண்ணில் பதிந்த குளம்பையும், ஒடிந்த புல்லையும், ஈரம் காயாத சாணத்தையும் படித்துக்கொண்டே செல்வார். பெரும்பாலும் அவர் கையில் துப்பாக்கி இராது. அவருக்குப் பின்னே தொழில்முறை வேட்டைக்காரர். பல ஆண்டுப் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர். அவருக்கும் பின்னே, அல்லது அவர் பக்கத்தில், பணம் கொடுத்து வந்த விருந்தாளி. விருந்தாளி சுடுகிறார். குறி தவறி விலங்கு காயத்தோடு அடர்ந்த புதருக்குள் புகுந்துவிடுகிறது. ஆபத்து உச்சத்தை அடையும் கணம் இதுவே. காயம்பட்ட விலங்கை அப்படியே விட்டுவிடலாகாது என்பது வேட்டையின் அறம். நல்ல அறந்தான். ஆனால் பல வேளைகளில் தொழில்முறை வேட்டைக்காரர் விருந்தாளியை வண்டியருகே நிறுத்திவிட்டு, தடம் பார்ப்பவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாமே புதருக்குள் நுழைகிறார். ஒருவர் செய்த பிழைக்கு இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

வேட்டை முடிந்ததும் கொம்பின் நீளம் அளக்கப்படுகிறது. 1892ஆம் ஆண்டு முதல் ரோலண்ட் வார்டு நிறுவனத்தின் பெயரால் அளவுப் பதிவேடு ஒன்றும் வெளிவருகிறது. அந்தக் கொம்பு ஊர்போய்ச் சேர்ந்து வரவேற்பறைச் சுவரில் ஏறும்போது, கீழே எழுதப்படும் பெயர் யாருடையது? துப்பாக்கியின்றி முன்னால் நடந்தவருடையதன்று.

பணயம் சமமானதென்னும் வாதம் இங்கேயே பாதி தளர்ந்துவிடுகிறது. மீதிப் பாதியும் நிற்பதற்கில்லை. போர் என்றால் இருவரும் களத்திற்கு வந்திருக்க வேண்டும். மல்லர் இருவர் கோதாவில் இறங்கினால் இருவரும் இசைந்து இறங்கினர் என்று பொருள். காட்டெருமை எதற்கும் இசையவில்லை. அது புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஆபத்தைத் தேடி ஓராயிரம் காதம் கடந்து வந்தவர் ஒருவரே. தாமாக விரும்பி விலைகொடுத்து வாங்கிய ஆபத்து, பிறிதோர் உயிரின் மீது நமக்கு எப்படி உரிமை தரும்? தீக்குள் கைவிட்டவன் துணிந்தவன்தான். அதனால் அயலான் வீட்டுப் பொருள் அவனுக்குச் சொந்தமாகிவிடாது.

உண்மையான ஆபத்து எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1898ஆம் ஆண்டு, இன்றைய கென்யாவில், ஸாவோ ஆற்றின் குறுக்கே இருப்புப்பாதைக்காகப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து, சென்ற தொழிலாளர்கள். இரு சிங்கங்கள் இரவு தோறும் கூடாரங்களுக்குள் புகுந்து அவர்களை இழுத்துச் செல்லத் தொடங்கின. முள்வேலியும் தீவட்டியும் பயன்படவில்லை. இருபத்தெட்டு இந்தியத் தொழிலாளர்கள் மாண்டதாக இருப்புப்பாதைக் கணக்கு கூறிற்று; மாண்ட ஆப்பிரிக்கர்களுக்கு முறையான கணக்கே இல்லை. வேலை நின்றது; தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக ஓடினர். பாலத்தின் பொறுப்பாளரான பாட்டர்ஸன் என்பவர், மரத்தின் மீது பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருந்து, அவ்வாண்டு டிசம்பரில் இரண்டையும் சுட்டு வீழ்த்தினார். தொழிலாளர்கள் தம் பொருளில் ஒரு வெள்ளிக் கிண்ணம் செய்து அவருக்குப் பரிசளித்தனர்.

அந்த வேட்டையை நம்மில் எவர் குறைகூறுவார்? அங்கேயும் துணிவு இருந்தது. ஆனால் அச்செயலை நேர்மையாக்கியது துணிவன்று. காக்கப்பட வேண்டிய மனிதர் கூடாரத்தில் இருந்தனர் என்பதே அதை நேர்மையாக்கிற்று. துணிவு அந்த நோக்கத்திற்குப் பணிவிடை செய்தது, அவ்வளவே. வீரம் என்பது ஒரு பாத்திரம் போன்றது. அதில் என்ன ஊற்றப்படுகிறதோ அதைப் பொறுத்தே அதன் மதிப்பு. கொள்ளைக்காரனிடமும் துணிவு உண்டு.

இன்னொரு மனிதரையும் எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1902ஆம் ஆண்டு மிஸிஸிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குச் சென்றார். அவருடைய வழிகாட்டி, அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஹோல்ட் காலியர், ஒரு கரடியை நெருங்கிச் சென்று அடித்து வீழ்த்தி மரத்தில் கட்டிவைத்தார். கட்டுண்ட விலங்கைச் சுடுவது ஆண்மையன்று என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். குழந்தைகள் அணைத்து விளையாடும் 'டெடி' கரடிப் பொம்மைக்குப் பெயர் வந்தது அதனால்தான். அதே மனிதர் பதவி முடிந்ததும், 1909இல் தம் மகன் கெர்மிட்டோடு ஆப்பிரிக்கா சென்றார். ஏறத்தாழ ஓராண்டில் தந்தையும் மகனும் சுட்ட பெரு விலங்குகள் 512. அவற்றுள் சிங்கம் பதினேழு, யானை பதினொன்று, காண்டாமிருகம் இருபது. பெரும்பாலானவை அருங்காட்சியகத்திற்கென்றும், தமக்கென வைத்துக்கொண்டவை பத்துப் பன்னிரண்டே என்றும் அவர் எழுதினார். அது உண்மையே. கட்டிய கரடி மீது இரக்கம் கொண்ட மனத்திற்கு, கட்டப்படாதவை ஐந்நூற்றுப் பன்னிரண்டு விழுந்தது உறுத்தவில்லை. விலங்குக்கு ஓட ஒரு வாய்ப்பும், தமக்கு ஓர் ஆபத்தும் இருந்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என அவர் கருதினார் போலும். நல்ல மனிதரையும் இந்த நியாயம் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதை இது காட்டுகிறது.

இங்கேயே கட்டுரையை முடித்துக்கொள்வது எளிது. வேட்டைக்காரரைக் கண்டித்துவிட்டு, மன நிறைவோடு நாம் எழுந்து போகலாம். ஆனால் எளிதாகக் கிடைக்கும் மன நிறைவை ஐயுற வேண்டும்.

2015 ஜூலையில் ஸிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே, 'ஸெஸில்' என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருந்த சிங்கத்தை அமெரிக்கர் ஒருவர் அம்பெய்து காயப்படுத்தினார். பல மணி நேரம் கழித்தே அது கொல்லப்பட்டது. உலகம் கொதித்தெழுந்தது. அப்போது ஸிம்பாப்வேயில் பிறந்து அமெரிக்காவில் பயின்றுகொண்டிருந்த மாணவர் ஒருவர் பத்திரிகையில் எழுதினார். தம் சிறு வயதில் ஊரைச் சுற்றித் திரிந்த சிங்கத்துக்கு அஞ்சிக் குழந்தைகள் கூட்டமாகவே பள்ளிக்குச் சென்றதையும், அது கொல்லப்பட்டபோது ஊரே ஆடிப் பாடி மகிழ்ந்ததையும் நினைவுகூர்ந்தார். தம் மக்களுக்காகக் கண்ணீர் விடாத உலகம் சிங்கத்துக்காக அழுவது அவருக்கு வியப்பாக இருந்தது.

2024ஆம் ஆண்டு ஜெர்மனியில், வேட்டைச் சின்னங்களை இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்தும் பேச்சு எழுந்தது. போட்ஸ்வானாவின் அன்றைய குடியரசுத் தலைவர் மஸீஸி, இருபதாயிரம் யானைகளை உங்கள் நாட்டுக்கு அனுப்புகிறேன், அவற்றோடு வாழ்ந்து பாருங்கள் என்று சினந்து கூறினார். அந்நாட்டில் ஏறத்தாழ 1,30,000 யானைகள் உள்ளன. ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு விளைச்சலை யானைக் கூட்டம் தின்று தீர்த்துவிடும். 2014இல் வேட்டையைத் தடுத்த அந்நாடு 2019இல் அத்தடையை நீக்கியதற்கு இத்தகைய குடும்பங்களின் குரலும் ஒரு காரணம்.

கணக்கின் மறுபக்கமும் எளிதன்று. கென்யா 1977இல் வேட்டையை அறவே தடைசெய்தது. ஆயினும் அதன் பின்னர் வந்த நாற்பது ஆண்டுகளில் அந்நாட்டின் காட்டு விலங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைந்துபோயின. மக்கள் பெருக்கமும், மேய்ச்சலும், வேலிகளும், திருட்டு வேட்டையும் அதற்குக் காரணம். தடை மட்டும் காட்டைக் காப்பாற்றிவிடவில்லை. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நூறுக்கும் குறைவாக எஞ்சியிருந்தது. பூங்காக் காவலர்களின் உழைப்பால் அது பெருகிற்று. 1968இல் அளவோடு வேட்டை அனுமதிக்கப்பட்ட பிறகு, நில உடைமையாளர்கள் அதைத் தம் நிலங்களில் வளர்க்க முன்வந்தனர். 2012ஆம் ஆண்டளவில் அதன் தொகை இருபதாயிரம் ஆயிற்று. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் ரூஸ்வெல்ட் நைல் நதிக்கரையில் சுட்ட இனம். பிற்காலப் போர்களாலும் கொம்புத் திருடர்களாலும் அது அழிந்தது. கடைசி ஆண் 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தபோது, எஞ்சியவை இரண்டு பெண்களே.

ஆகவே, வேட்டைப் பணத்தால் சில இடங்களில் காடு பிழைக்கிறது என்பதை மறுப்பது நேர்மையாகாது. அப்பணம் எல்லா இடங்களிலும் ஏழைக் குடியானவரைச் சென்றடைகிறது என்று நம்புவதும் அறியாமையாகும். தென்னாப்பிரிக்காவில், கூண்டில் பிறந்து மனிதர் கையால் வளர்ந்த சிங்கங்களை வேலிக்குள் விட்டுச் சுடவைத்த வணிகமும் நடந்திருக்கிறது. அங்கே ஆபத்தும் இல்லை, காடும் இல்லை. கூலி கொடுத்து வாங்கிய வீரம் மட்டுமே உண்டு.

இனி நம் பக்கம் திரும்புவோம். இறைச்சி உண்ணும் நமக்கு வேட்டைக்காரரைக் கேள்வி கேட்கும் தகுதி உண்டா? நியாயமான கேள்விதான். கடைசி நாழிகை வரை திறந்த வெளியில் திரிந்த காட்டெருமையையும், பிறந்தது முதல் நெருக்கடியான கொட்டகையில் அடைபட்டுக் கிடந்து நம் தட்டுக்கு வரும் கோழியையும் ஒப்பிட்டால், வாழ்வு எதற்கு நன்றாக இருந்தது என்பதில் ஐயமில்லை. இதை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம்.

ஆனால் மார்க்கம் வகுத்த வேறுபாடு ஒன்று இங்கே நமக்குத் துணை வருகிறது. பசிக்காக வேட்டையாடுவது ஆகுமானது. அதற்கும் முறைகள் உண்டு. இஹ்ராம் பூண்டவர்க்கு நிலத்து வேட்டை முற்றிலும் விலக்கு. உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து அம்பெய்து பழகும் இலக்காக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பயனின்றிக் கொல்லப்பட்ட ஒரு சிட்டுக்குருவிகூட இறைவனிடம் முறையிடும் என்ற கருத்தும் நபிமொழித் தொகுப்பில் உண்டு. அறுக்கும்போதும் கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். பிராணிக்கு வேதனை நீளலாகாது. இவற்றின் உட்பொருள் ஒன்றே. உயிரை எடுப்பது தேவைக்காக நமக்கு விடப்பட்ட அனுமதி. மகிழ்வதற்காகத் தரப்பட்ட உரிமை அன்று. அறுப்பவர் இறைவன் பெயரைச் சொல்லுகிறார். இவ்வுயிர் எனக்குச் சொந்தமன்று என்று அவர் ஒப்புக்கொள்வதாகவே நாம் அதைக் கொள்கிறோம். அந்த ஒப்புதலோடு ஒருவர் செத்த யானையின் மீது கால் வைத்துச் சிரித்துக்கொண்டு படம் பிடித்துக்கொள்ள இயலுமா?

2014 ஜனவரியில் டாலஸ் நகரில், நமீபியாவின் கறுப்புக் காண்டாமிருகம் ஒன்றைச் சுடும் அனுமதி 3,50,000 டாலருக்கு ஏலம் போனது. இனப்பெருக்க வயது கடந்து, இளையவற்றை முட்டிக் கொல்லக்கூடிய கிழட்டு ஆண் விலங்கையே சுடவிடுவோம், பணம் காப்புப் பணிக்கே செல்லும் என்றார்கள். அது அவ்வாறே என்று கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்தக் கிழட்டு விலங்கு சாக வேண்டியதே என்றால், காட்டுக் காவலர் ஒருவர் கடமையாக அதைச் செய்துவிடலாமே. அத்தனை டாலரைக் காட்டுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாமே. கொடுப்பவர் ஏன் கொல்லவும் விரும்புகிறார்? செயலால் விளையும் நன்மை ஒரு கணக்கு. செய்பவரின் நிய்யத் வேறொரு கணக்கு. முதல் கணக்கில் வரவு இருந்தால், அரசுகளும் ஊர்மக்களும் அதை எடுத்துக்கொள்ளட்டும். அவர்களுடைய வறுமையை அறியாத நாம் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரவைக் காட்டி இரண்டாம் கணக்கை நேர்செய்துகொள்ள எவருக்கும் இயலாது.

வேட்டைக்குப் புறப்படும் ஒருவர் தம்மைத்தாமே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. படம் எடுக்கலாகாது, கொம்பைக் கொண்டு வரலாகாது, எவரிடமும் சொல்லலாகாது என்று விதித்துவிட்டால், அப்போதும் அவர் செல்வாரா? ஸாவோவில் பரண் மீதிருந்தவர் சென்றிருப்பார். கூடாரத்தில் மனிதர் செத்துக்கொண்டிருந்தனர். ஆயினும் அவரும் அச்சிங்கங்களின் தோல்களை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தரை விரிப்பாக வைத்திருந்து, 1924இல் சிகாகோ அருங்காட்சியகத்திற்கு 5,000 டாலருக்கு விற்றார். தேவைக்காகச் செய்த செயலிலும் பெருமை பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. மனித மனத்தின் இயல்பு அது.

இந்தச் சோதனை வேட்டைக்காரருக்கு மட்டும் உரியதன்று. துணிந்து வட்டிக் கடன் வாங்கி வணிகத்தைப் பெருக்கியவர், எதிர்ப்புக்கு அஞ்சாமல் உறவினர் மீது வழக்காடி வென்றவர், மேடையேறிப் பிறர் மனம் புண்படப் பேசியவர் எல்லோரும் 'நான் துணிந்தேன்' என்கிறார்கள். துணிந்தது உண்மை. எதற்காகத் துணிந்தோம், அதன் விலையை யார் கொடுத்தார்கள், புதருக்குள் நமக்காக நுழைந்தவர் யார் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

ஸபர் சென்று திரும்பும் நம் பெரியவர்கள் ஒரு குப்பி ஜம்ஜம் நீரும் சில பேரீச்சம்பழங்களும் கொண்டு வருவார்கள். வீட்டுக்கு வருபவர்க்கெல்லாம் அவற்றைப் பகிர்ந்து கொடுப்பார்கள். சுவரில் மாட்டி வைக்க எதுவும் இராது. பயணத்தில் அவர்கள் பட்ட துன்பத்தை நாம்தான் மெல்ல மெல்லக் கேட்டு அறிய வேண்டியிருக்கும்.